உள்ளம் தூர்ந்துபோன நாட்களில் மரத்தடிக்குப் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடம்பு நடமாடுகிறது, வேலையும் நடக்கிறது, ஆனால் உள்ளே ஊற்று தூர்ந்துபோய்விட்டது. இப்படி உணர்பவர்கள் இயற்கையைத் தேடிப் போகலாமா என்று யோசிக்கும்போது எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு நீண்ட பதில் இருக்கும், சிலவற்றுக்கு நாலே வரி. கேள்விகளில் உயர்வு தாழ்வு இல்லை. எனக்குச் சொல்ல இருப்பது அவ்வளவுதான்.

எதிலும் மனம் ஒட்டவில்லை. பிரார்த்தனைக்கு உட்கார்ந்தாலும் வாய்தான் அசைகிறது. இது வெறும் களைப்புதானா?

முதலில் இரண்டு இரவு நன்றாகத் தூங்கிப் பாருங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. உடல் களைப்பு தூக்கத்தில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தூங்கி எழுந்த பிறகும் விடிந்ததே பாரமாக இருக்கிறது, முன்பு கண் கலங்க வைத்த பாட்டு இப்போது வெறும் சத்தமாகக் கேட்கிறது, எதிரில் இருப்பவர் பேசுவது கண்ணாடிக்கு அப்பாலிருந்து வருவதுபோல் தோன்றுகிறது என்றால், அது வேறு வகை.

புதிய வகையும் அன்று. 4ஆம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் தவமிருந்த எவாகிரியஸ் என்ற கிறிஸ்தவத் துறவி இதை நுணுக்கமாக எழுதி வைத்திருக்கிறார். நண்பகலில் இந்தச் சோர்வு வந்து பிடித்ததும் சூரியன் நகர மறுக்கிறது; ஒரு பகல் 50 மணி நேரம் நீள்வதுபோல் இருக்கிறது; துறவி அறையை விட்டு எட்டி எட்டிப் பார்க்கிறான்; இருக்கும் இடத்தின் மேலும் செய்யும் வேலையின் மேலும் வெறுப்பு மூள்கிறது. பிற்பகல் மூன்று மணிக்கு அலுவலகக் கடிகாரத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வேலையால் வரும் வறட்சியைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019இல், தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில், மூன்று அடையாளங்களைச் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, செய்வது எதுவும் உருப்படவில்லை என்ற எண்ணம். அதை ஒரு நோய் என்று அது சொல்லவில்லை. சமாளிக்கப்படாத வேலை அழுத்தத்திலிருந்து வரும் நிலை என்றது. எனக்கு இந்த வேறுபாடு ஆறுதலாக இருந்தது. கோளாறு முழுவதும் நம்முடையது அன்று.

மருத்துவரிடம் எப்போது போக வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கடைசியில் வைப்பது வழக்கம். நான் இங்கேயே வைக்கிறேன். மனம் தாழ்ந்து கிடப்பதும் எதிலும் நாட்டமின்மையும் பெரும்பாலான நாட்களில், இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். இரத்தசோகை, தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் பற்றாக்குறை ஆகியவையும் இதே முகமூடியோடு வரும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயத்துக்காக ஆறு மாதம் மரத்தடியில் உட்கார்ந்து ஆன்மாவைத் துழாவ வேண்டாம். வாழ்வதில் அர்த்தம் இல்லை, சாகலாம் என்ற எண்ணம் வந்தால் நாள் கடத்தாதீர்கள். அன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அன்றே மருத்துவ உதவி தேடுங்கள். மரம் நின்ற இடத்தில்தான் இருக்கும், பிறகு போகலாம்.

ஓய்வுதானே வேண்டும்? வீட்டிலேயே படுத்திருந்தால் ஆகாதா?

படுத்திருக்கும்போது கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெரும்பாலும் மொபைல் இருக்கிறது. உடம்பு கிடக்கிறது, கவனம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

கவனம் இரண்டு வகை. வாகன நெரிசலில் தெருவைக் கடப்பது, கணக்குப் பார்ப்பது, கோபத்தை அடக்கிக்கொண்டு பதில் எழுதுவது எல்லாம் நாம் பிடித்து இழுத்து நிறுத்தும் கவனம். அது தேயும். மேகம் நகர்வது, இலை அசைவது, தண்ணீரில் வெளிச்சம் நெளிவது எல்லாம் நம் முயற்சி இல்லாமல் தானாகப் பார்வையை ஈர்ப்பவை, ஈர்த்தாலும் கட்டிப்போடுவதில்லை. அவற்றைப் பார்த்துக்கொண்டே வேறொன்றை நினைக்கவும் இடம் இருக்கிறது. ரேச்சல் காப்லன், ஸ்டீபன் காப்லன் என்ற அமெரிக்க உளவியல் தம்பதியர் இதை மென்மையான ஈர்ப்பு என்ற பொருளில் அழைத்து, 1989இல் வெளிவந்த தங்கள் நூலில் விரிவாக விளக்கினார்கள். இந்த வகைக் கவனம் வேலை செய்யும் நேரத்தில், தேய்ந்துபோன மற்ற வகை இளைப்பாறுகிறது என்பது அவர்கள் கருத்து. தொலைக்காட்சியும் தானாகத்தான் ஈர்க்கிறது. ஆனால் அது விடுவதில்லை.

இதற்கு மேலும் ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். காலையிலிருந்து இரவு வரை ஒவ்வொருவரும் நம்மிடம் ஏதாவது ஒன்றைக் கேட்கிறார்கள். பதில், முடிவு, பணம், புன்னகை, குறைந்தபட்சம் ஒரு விருப்பக்குறி. அன்பு வைத்தவர்களும் கேட்கிறார்கள், அதில் தப்பில்லை. மரம் கேட்பதில்லை. நீங்கள் நல்லவரா, இன்று எவ்வளவு முடித்தீர்கள், ஏன் முகம் இப்படி இருக்கிறது என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. யாருக்கும் எதுவாகவும் இருக்க வேண்டாத அந்த அரை மணி நேரம்தான் பலருக்குக் கிடைக்காத ஒன்று.

இதற்கெல்லாம் சான்று இருக்கிறதா, நம்பிக்கைதானா?

சான்று இருக்கிறது, அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரே மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சற்று முன்னதாக வீடு திரும்பியிருந்தார்கள், அவர்களுக்குக் கடுமையான வலிநிவாரணிகளும் குறைவாகவே தேவைப்பட்டிருந்தன.

2008இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனை இன்னொன்று. மாணவர்களுக்கு எண்களைச் சொல்லி, அவற்றைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். பிறகு சிலரை மரத்தோட்டத்திலும் சிலரை நகரத் தெருக்களிலும் நடக்க அனுப்பிவிட்டு, மீண்டும் அதே சோதனை. தோட்டத்தில் நடந்துவந்தவர்கள் தேறியிருந்தார்கள். குளிர்காலத்தில், நடப்பதே சிரமமாக இருந்த நாட்களிலும் அந்தப் பலன் இருந்தது. நடை இனிமையாக இருந்தால்தான் பலன் என்றில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இவை கவனத்தைப் பற்றியும் உடல் தேறுவதைப் பற்றியும் சொல்கின்றன. ஆன்மாவை அளக்கும் கருவி எந்த ஆய்வகத்திலும் இல்லை. அதனால் "அறிவியல் நிரூபித்துவிட்டது" என்று யாராவது உரக்கச் சொன்னால் ஓரடி தள்ளி நில்லுங்கள்.

வாரத்துக்கு எவ்வளவு நேரம்?

இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் திரட்டிய தகவலை வைத்து 2019இல் ஓர் ஆய்வு வந்தது. வாரத்தில் 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்கள், தாங்கள் நலமாகவும் நிறைவாகவும் இருப்பதாகச் சொல்வது கூடுதலாக இருந்தது. ஒரே நாளில் இரண்டு மணி நேரமா, நாளுக்குக் கொஞ்சமாகவா என்பதில் வேறுபாடு தெரியவில்லை. நலமாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்களோ என்ற சந்தேகம் இத்தகைய கணக்கெடுப்புகளில் எப்போதும் இருக்கும். எனவே 120 என்பதை மாத்திரை அளவு என்று நினைக்காமல், மறந்துபோகாமல் இருக்க ஒரு கைக்கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 20 நிமிடம், ஒரு நாள் விடுமுறை.

மலை, கடல் என்று எங்காவது தூரமாகப் போனால்தானே மனம் மாறும்?

எவாகிரியஸை மறுபடி அழைக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சோர்வு துறவியின் காதில் ஓதும் முக்கியமான செய்தியே இதுதான் என்கிறார் அவர்: இந்த இடம் சரியில்லை, வேறிடம் போனால் எல்லாம் சரியாகிவிடும்.

நான் ஒருமுறை அந்தக் குரலை அப்படியே நம்பினேன். நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மலைப்பயணம் போனேன். விடியற்காலை எழுந்து உதயம் பார்க்க ஓட்டம், அருவிக்கு ஓட்டம், காட்சிமுனையில் வரிசை, இருநூறுக்கு மேல் படங்கள். திரும்பிவந்து அந்தப் படங்களில் பாதியை அழிக்கவே ஒரு மாலை போயிற்று. களைப்பு நீங்கவில்லை, செலவுக் கணக்கும் சேர்ந்துகொண்டது. தேறியது அதற்குப் பிறகு, குடியிருப்பின் பின்பக்கம் குப்பைத்தொட்டிக்குப் பத்தடி தள்ளி நின்ற ஒரு மரத்தின் அடியில். அழகான மரம்கூட அன்று. மின்கம்பிக்காக ஒரு பக்கக் கிளைகளை வெட்டி, தலை சாய்ந்தவர்போல் நிற்கும். ஆனால் தினமும் போக முடிந்தது.

தூரப் பயணத்தைக் குறை சொல்லவில்லை. கடல் முன்னால் நிற்கும்போது நம் கவலை சுண்டுவிரல் அளவாகிவிடுவது உண்மைதான். ஆனால் வற்றிப்போயிருக்கும்போது டிக்கெட், தங்குமிடம், பெட்டி, பயணத்திட்டம் என்று தொடங்குவது, காய்ச்சல்காரரை ஓட்டப்பந்தயத்தில் நிறுத்துவதுபோல. கொஞ்சம் தெம்பு வந்த பிறகு போங்கள்.

சரி, மரத்தடிக்குப் போய்விட்டேன். என்ன செய்வது? சும்மா உட்கார்ந்தால் மனம் இன்னும் வேகமாக ஓடுகிறது.

ஓடும். முதல் பத்து நிமிடம் மனம் கடன்காரர்போல் ஒவ்வொரு பாக்கியாக எடுத்து நீட்டும். விரட்டாதீர்கள், பதிலும் சொல்லாதீர்கள்.

நீங்கள் வந்த சத்தத்தில் பறவைகள் அடங்கியிருக்கும், கவனித்திருக்கிறீர்களா? நாம் போய் நின்றதும் அந்த இடம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. அசையாமல் உட்கார்ந்தால் பத்து, இருபது நிமிடத்தில் ஒரு குரல் கேட்கும், பிறகு இன்னொன்று. அணில் இறங்கி வரும். நீங்கள் இருப்பதை அவை மன்னித்துவிட்டன என்று பொருள். அதுவரையாவது உட்காருங்கள். ஐந்து நிமிடத்தில் எழுந்துபோகிறவர்கள் பார்ப்பது தங்களால் கலைந்துபோன இடத்தை மட்டுமே.

பார்ப்பதற்குப் பெரிய காட்சி வேண்டாம். மரப்பட்டையில் உள்ளங்கை அகல இடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் பாருங்கள். நான் ஒரு மாலை பார்த்ததைச் சொல்கிறேன். பட்டை வெடிப்பு ஒன்றில் எறும்புச் சாரை. மேலே போவதும் கீழே வருவதும் ஒரே தடத்தில். எதிரெதிரே வரும் இரண்டு எறும்புகள் சந்திக்கும் இடத்தில் அரை நொடி நின்று, உணர்கொம்புகளால் தொட்டுக்கொண்டு, ஒன்று சற்று விலகி வழிவிடுகிறது. கீழிருந்து ஒரு எறும்பு தன்னைவிடப் பெரிய சிறகுத்துண்டு ஒன்றை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. காற்று அடிக்கும்போதெல்லாம் பாய்மரம்போல் அது சாய்ந்து, எறும்பையும் சேர்த்துச் சாய்க்கிறது. வெடிப்பின் ஓரத்தில் பிசின் ஒரு துளி வழிந்து உறைந்திருக்கிறது. அதற்குள் வெளிச்சம் போய் நிற்கிறது. வெயில் சாய்ந்தபோதுதான் தெரிந்தது, அந்த உள்ளங்கை அகலத்துக்குக் குறுக்கே ஒரு சிலந்தி நூல் இவ்வளவு நேரமும் இருந்திருக்கிறது.

எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. எழுந்தபோது கால் மரத்துப்போயிருந்தது. அந்த நேரத்தில் என் கவலை எதுவும் தீரவில்லை; ஆனால் அது எனக்கு நினைவில்லை.

உட்கார முடியாதவர்கள் நடக்கலாம். எட்டவேண்டிய இடம் எதுவும் இல்லாத நடை. அடி எண்ணும் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு.

ஒன்றுமே தோன்றவில்லை. அமைதியும் இல்லை, பரவசமும் இல்லை. நேரம் வீணானதா?

அந்தக் குளிர்கால நடையை நினைத்துக்கொள்ளுங்கள். இனிக்காத மருந்தும் வேலை செய்யும்.

பழந்தமிழர் நிலத்தை வகுத்த விதத்தில் எனக்கு எப்போதும் வியப்பு தருவது பாலை. சிலப்பதிகாரம் அதைத் தனி நிலமாகச் சொல்லவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்து கொள்ளும் கோலம்தான் பாலை என்கிறது. அதாவது அங்கே இருப்பது அதே மண். விதையும் வேரும் அடியில் கிடக்கின்றன. மழை வரவில்லை, அவ்வளவே. மழையை யாரும் முறுக்கிப் பிழிந்து வரவழைக்க முடியாது. வானத்தின் கீழே இருக்கலாம், அதுவரை மண்ணைச் சும்மா கிளறிக்கொண்டிராமல் இருக்கலாம்.

பரவசத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் மூன்றாம் நாள் நின்றுவிடுகிறார்கள். எதிர்பார்ப்பு இல்லாமல் போகிறவர்களுக்கு ஏதோ ஒரு நாள், பெரும்பாலும் வேறு வேலையாக நடந்துகொண்டிருக்கும்போது, காற்று முகத்தில் படுவது மறுபடி தெரிகிறது.

அழுகை வந்துவிடுகிறது.

வரட்டும். துடைத்துக்கொள்ள ஒரு கைக்குட்டை எடுத்துப்போங்கள்.

மொபைலை எடுத்துப் போகலாமா?

பாதுகாப்புக்குத் தேவை என்றால் பையின் அடியில் கிடக்கட்டும். படம் எடுக்கத் தொடங்கினால் அந்த இடத்தை யாருக்குக் காட்டலாம் என்ற யோசனை வந்துவிடும். அங்கே நீங்கள் இருப்பது அத்துடன் முடிந்தது. இரவில் வானம் பார்க்கப் போகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒருமுறை திரையைப் பார்த்தால் பழகியது கலைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

என் மதத்துக்கு இது ஒத்துவருமா? இயற்கையை வணங்குவதாக ஆகிவிடாதா?

மரத்தின் கீழே உட்காருவது வேறு, மரத்தை வணங்குவது வேறு. இரண்டாவதைச் செய்வதும் செய்யாததும் உங்கள் நம்பிக்கை. முதலாவதற்குப் பெரிய சமயங்கள் எதிலும் தடையைக் காணவில்லை, முன்மாதிரிதான் இருக்கிறது. வேத நூல்களில் ஆரண்யகங்கள் என்ற பகுதிக்குப் பெயரே காட்டிலிருந்து வந்தது. புத்தர் ஞானம் பெற்ற பிறகு, தனக்கு நிழல் தந்த போதிமரத்தை ஒரு வாரம் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார் என்கிறது பௌத்த மரபு. நபிகள் நாயகம் முதல் இறைச்செய்திக்கு முன்பு மக்காவுக்கு அருகே ஹிரா குகையில் பல இரவுகள் தனித்திருந்தார்.

இவற்றில் என் மனதுக்கு நெருக்கமானது பைபிளில் வரும் எலியா தீர்க்கதரிசியின் கதை. பெரிய வெற்றி ஒன்றின் சூடு ஆறும் முன்பே அவர் உடைந்துபோகிறார். உயிருக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். வானத்திலிருந்து உபதேசம் எதுவும் வரவில்லை. அவர் தூங்கிவிடுகிறார். தேவதூதன் தட்டி எழுப்பி, சுட்ட அப்பமும் ஒரு குடுவைத் தண்ணீரும் காட்டி, சாப்பிடு என்கிறான். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூக்கம். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. அதன் பிறகுதான் 40 நாள் நடை, மலை, பெருங்காற்று, பூகம்பம், நெருப்பு. அவை எதிலும் கடவுள் இல்லை. கடைசியில் ஒரு மெல்லிய குரல். அந்த வரிசையைக் கவனியுங்கள். நிழல், தூக்கம், உணவு, தண்ணீர், தூக்கம், உணவு, நடை. குரல் அதற்குப் பிறகு.

எனக்குக் கடவுள் நம்பிக்கையே இல்லை.

பரவாயில்லை, எறும்புக்கும் அது தெரியாது. ஆன்மிகம் என்ற சொல் உறுத்தினால் விட்டுவிடுங்கள். தன்னைவிடப் பெரிய ஒன்றுக்குள் தான் இருக்கிறோம், அதற்குத் தான் மையம் இல்லை என்று தெரிந்து தோள் இறங்கும் அனுபவத்துக்கு நம்பிக்கைச் சான்றிதழ் தேவையில்லை.

இயற்கை கொடூரமானதும்தானே? பருந்து குஞ்சைத் தூக்கிப்போவதைப் பார்த்து என்ன அமைதி வரும்?

நல்ல கேள்வி. இயற்கையைத் தாய்மடி, தாலாட்டு என்று மட்டுமே எழுதுகிறவர்கள் வெளியே அதிக நேரம் உட்கார்ந்ததில்லை என்று எனக்குத் தோன்றும். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எறும்பு மொய்க்கும். காய்த்த மரம் காற்றில் முறியும். யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை.

ஆனால் வற்றிப்போன மனதுக்குத் தாலாட்டு பல நேரம் பொய்யாகவே கேட்கிறது. "எல்லாம் நன்மைக்கே" என்று மனிதர்கள் சொல்லும்போது எரிச்சல் வருகிறதல்லவா? காடு அப்படிச் சொல்வதில்லை. அங்கே முறிந்தது முறிந்ததாகக் கிடக்கிறது, அதன் மேலேயே காளான் முளைக்கிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், ஒன்று மற்றதுக்கு விளக்கமாக இல்லாமல். துக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த நேர்மை பொருந்துகிறது.

இலை உதிர்ந்து நிற்கும் மரத்தைப் பார்த்தால் எனக்கு இன்னும் சோர்வுதான் வருகிறது.

கிட்டப் போய் ஒரு கிளையைப் பாருங்கள். பருவத்தில் இலை உதிர்க்கும் மரங்களில், இலையைப் பிய்த்தெடுப்பது பெரும்பாலும் காற்று அன்று. காம்பு கிளையோடு சேரும் இடத்தில் மரமே ஒரு பிரிவு அடுக்கை உண்டாக்கி, அடியில் தழும்பை மூடிவிட்டுத்தான் இலையைக் கைவிடுகிறது. அந்தத் தழும்புக்குச் சற்று மேலே, மிளகைவிடச் சிறியதாக, செதில் போர்த்திய மொட்டு ஒன்று இருக்கும். பல மரங்களில் அது இலை விழுவதற்கு முன்பே, நல்ல வெயில் காலத்திலேயே, அங்கே வந்துவிடுகிறது. விரலால் தடவினால் தெரியும்.

எந்த நேரம் நல்லது?

உங்களுக்கு முடிகிற நேரம். தேர்ந்தெடுக்க முடியும் என்றால் காலை. வெளிச்சம் நிறைந்த அறை என்று நாம் நினைப்பதில் 300 முதல் 500 லக்ஸ் வெளிச்சம்தான் இருக்கும். மேகம் மூடிய பகலிலும் வெளியே அதைப்போல் பல மடங்கு, நல்ல வெயிலில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். உடலின் உள்கடிகாரம் தன்னைத் திருத்திக்கொள்வது முக்கியமாக இந்த வெளிச்சத்தை வைத்துத்தான். காலை வெளிச்சம் அன்றிரவுத் தூக்கத்துக்கு உதவும்.

மழை பெய்து ஓய்ந்த நேரத்தைத் தவற விடாதீர்கள். அந்த வாசனைக்கு 1964இல் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கிரேக்க வேர்களிலிருந்து பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு அதில் பெரும் பங்கு. மிக மிகச் சொற்ப அளவிலும் மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். மண்வாசனை என்ற சொல் நம்மிடம் எப்போதும் இருந்ததால் நாம் யாரும் பெயர் தேடவில்லை.

வனக் குளியல் என்கிறார்களே, அது என்ன? பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டுமா?

ஷின்ரின்-யோகு என்ற ஜப்பானியச் சொல்லின் மொழிபெயர்ப்பு. 1982இல் அந்த நாட்டின் வனத்துறை இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. தண்ணீருக்கும் இதற்கும் தொடர்பில்லை. காட்டுக்குள் மெதுவாக, ஐம்புலனும் விழித்திருக்க, நனைந்து திளைப்பது என்ற பொருளில் குளியல். வழிகாட்டி இருந்தால் சிலருக்கு மெதுவாக நடக்கத் துணிவு வருகிறது. வகுப்பும் சான்றிதழும் இல்லாமலும் காடு உள்ளே விடும்.

தனியாகப் போவதா, துணையோடா?

பேச வேண்டியதில்லை என்று ஒப்புக்கொள்ளும் துணை கிடைத்தால் அதுபோல் வேறொன்றும் இல்லை. ஆள் நடமாட்டமற்ற இடத்துக்குத் தனியாகப் போவதற்கு அஞ்சும் பெண்களிடம் "பயப்படாமல் போங்கள்" என்று எழுதுவது பொறுப்பற்றது. எச்சரிக்கையாகச் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே இருக்கும் மனம் இளைப்பாறாது. ஆட்கள் தென்படும் பூங்காவின் ஓர் ஓரம், மாடித் தொட்டிச் செடிகளின் நடுவே ஒரு நாற்காலி, தோழி ஒருவரோடு கொஞ்சம் இடைவெளி விட்டு நடை; இவற்றில் எதுவும் இரண்டாந்தரம் அன்று.

கைக்குழந்தை, முதியவர், வேலை. இருபது நிமிடத்துக்கு எங்கே போவேன்?

இருபது வேண்டாம். துணி உலர்த்தும்போது வானத்தைப் பாருங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நில்லுங்கள். அது எதைக் காட்டுகிறதோ அதைப் பாருங்கள், இந்த விஷயத்தில் அது உங்களைவிடத் தேர்ந்தது. உங்கள் வறட்சிக்கு உண்மையான காரணம், சுமையைப் பங்குபோட ஆள் இல்லாததாகவே இருக்கலாம். அப்படியானால் முதலில் கேட்க வேண்டியது வீட்டில் இருக்கும் மற்றவர்களை. மரத்தை அப்புறம் பார்க்கலாம்.

படுக்கையில் இருப்பவர், வெளியே போகவே முடியாதவர் என்ன செய்வது?

உல்ரிச்சின் நோயாளிகளும் படுக்கையில்தான் இருந்தார்கள். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடுங்கள். ஒரு கிளையோ, வானத்தின் ஒரு துண்டோ தெரிந்தால் போதும். அதுவும் இல்லை என்றால் மனதில் இருப்பது உண்டு. சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைக்கப்பட்ட திருநாவுக்கரசர், இறைவன் திருவடி நிழல் எப்படி இருந்தது என்று சொல்ல எடுத்துக்கொண்டவை மாலை நிலவும் தென்றலும் இளவேனிலும் வண்டு மொய்க்கும் பொய்கையும். அந்த வெக்கையில் அவற்றில் ஒன்றும் அவர் கண்முன் இல்லை. என்றோ நன்றாகப் பார்த்து வைத்திருந்தார்.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் பழத்தோடு ஒரு கிளை இலையும் கொண்டுபோகலாம். கசக்கி முகரக் கொடுங்கள். மருத்துவமனை விதிகளைக் கேட்டுக்கொண்டு.

நன்றாகத்தான் இருக்கிறது. மறுநாள் வேலைக்குப் போனதும் பழைய நிலைதான்.

இயேசு தம் சீடர்களை, தனிமையான இடத்துக்குப் போய்க் கொஞ்சம் இளைப்பாறலாம் வாருங்கள் என்று படகில் அழைத்துப்போகிறார். கூட்டம் கரைவழியே ஓடி, அவர்களுக்கு முன்பே அங்கே போய் நிற்கிறது. நற்செய்தி நூலில் மாற்கு இதை எழுதியபோது சிரித்திருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம்.

ஆகவே பழைய நிலை திரும்புவது உங்கள் தோல்வி அன்று. ஓட்டை வாளியில் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது என்பதும் உண்மை. பத்து மணி நேர வேலை, விடுப்பே தராத மேலாளர், தீராத வீட்டுச் சண்டை ஆகியவற்றை இருபது நிமிட மரநிழல் சரிசெய்யாது. அது செய்யக்கூடியது, ஓட்டை எங்கே என்று தெரியும் அளவுக்குத் தலையைத் தெளிய வைப்பது. மரத்தடியில் உட்கார்ந்து வேலையை விட முடிவெடுத்தவர்களும் உண்டு, விடக்கூடாது என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. எலியாவுக்கும் அந்த மெல்லிய குரல் கடைசியில் சொன்னது, வந்த வழியே திரும்பிப் போ என்பதுதான். ஆனால் உதவிக்கு ஓர் ஆளையும் காட்டித்தான் அனுப்பியது.

கையில் என்ன எடுத்துப்போக வேண்டும்?

தண்ணீர், உட்கார ஒரு துணி, வெயிலுக்குத் தொப்பி. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கல்லையோ கட்டையையோ நகர்த்துவதற்கு முன்னால் குச்சியால் தட்டிப் பாருங்கள். இடி கேட்டால் மரத்தடி ஆகாது. உடனே கட்டடத்துக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகு வெளியே வரலாம். மண் அப்போதும் மணத்துக்கொண்டிருக்கும்.